கண்ணின் அழுத்தமும் கருவியின் கூற்றும்

அளத்தல் எழுவகைப்படும் என்பர் தொல்காப்பிய உரையாசிரியர். நிறுத்தளத்தல், பெய்தளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், தேங்கமுகந்தளத்தல், சார்த்தியளத்தல், எண்ணியளத்தல் என்பன அவை. பொன்னை நிறுத்தும், எண்ணெயைப் பெய்தும், நெல்லை முகந்தும், ஆடையை நீட்டியும், காசினை எண்ணியும் நாம் நாள்தோறும் அளந்து வருகின்றோம். இவற்றுள் அளக்கப்படும் பொருள் நம் கண்முன் நிற்கின்றது; அளக்குங் கருவி அதனை நேரே தீண்டுகின்றது. ஆதலின் அளவில் ஐயம் எழுதல் அரிது.

ஆயின், நம் முகத்திலேயே அமைந்திருந்தும் நேரே அளத்தற்கு எளிதில் இடங்கொடாத ஒரு பொருள் உளது. அது கண்ணினுள் நிற்கும் அழுத்தம். அதனை உள்ளவாறே அளக்க வேண்டுமாயின் கண்ணைத் துளைத்து ஒரு நுண்குழலைச் செருகி, அதனை அழுத்தமானியோடு இணைத்தல் வேண்டும். மருத்துவமனைக்கு வருவோர் அனைவர்க்கும் இது செய்தல் கூடுமோ? கூடாதன்றோ? ஆகவே மருத்துவர் கண்ணுக்குப் புறத்தே நின்று, அதனை மெல்லத் தொட்டு, அத்தொடுதலை அஃது எவ்வளவு எதிர்த்து நிற்கின்றதென நோக்கி, உள்ளழுத்தத்தை உய்த்துணர்கின்றனர். அங்ஙனம் உணருங்கால், உள்ளிருக்கும் நீர்க்கும் வெளியிருக்கும் கருவிக்கும் இடையே கண்ணின் சுவர் நிற்கின்றது. அச்சுவர் வாய்மையான தூதன் போல் நீரின் செய்தியை மட்டும் கூறி அமைவதில்லை. தன் செய்தியையும் உடன் கலந்து கூறுகின்றது. அக்கலப்பு எத்தகையது, அதனாற் பார்வைக்கு நேரும் கேடு யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் மருத்துவம் பயிலும் மாணவரல்லேம். எனினும் கண்ணுடையார் யாவரும் அறிதற்குரிய பொருள் இஃதாகலின் இதனை எடுத்துக்கொண்டோம்.

கண்ணும் அதன் நீரோட்டமும்

கண் ஒரு சிறு பந்து போல்வது. வளர்ச்சி முற்றியவர்க்கு அதன் முன்பின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அப்பந்தின் புறச்சுவரில் ஆறில் ஐந்து கூறு வெண்ணிறமான உறுதியுள்ள தோலாகும். அதனை வெள்விழி என்பர். எஞ்சிய முற்கூறு கடிகாரத்தின் மேற்கண்ணாடி போலச் சற்றே புடைத்து ஒளி ஊடுருவுமாறு அமைந்துளது. மருத்துவ நூலார் அதனைக் கார்னியா என்பர். யாம் தெளிபடலம் எனக் குறிப்போம். உலக வழக்கில் இதனையும் கருவிழி என்று சொல்வதுண்டு. ஆயின் இதற்கு நிறமில்லை. பின்னே தொங்கும் திரையின் நிறமே இதனூடு தோன்றுகின்றது. இறந்தார் கண்ணினின்றும் எடுத்துப் பிறர்க்குப் பொருத்தப் பெறுவது இத்தெளிபடலமே.

தெளிபடலத்தின் குறுக்களவு ஏறக்குறைய பன்னிரண்டு மில்லிமீட்டர். அதன் பருமனோ நடுவிடத்தே அரை மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. ஓரங்களில் இன்னும் மிகுதி. மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். 2000ஆம் ஆண்டில் பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய அறிஞர் இருவர், நோயற்ற கண்ணின் நடுப்பருமன் சராசரி 535 மைக்ரானை ஒட்டியது எனக் கண்டனர். இப்பருமனில் பத்தில் ஒன்பது கூறு, ஓலைச்சுவடியின் ஏடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற மெல்லிய நார்த்தகடுகளால் ஆயது. அவ்வடுக்கின் இறுக்கமே படலத்தின் விறைப்புக்குக் காரணம்.

இப்படலத்திற்குப் பின்னே தெளிந்த நீர் நிறைந்த அறை உளது. இந்நீர் கண்ணீரன்று; கண்ணீர் புறத்தே சுரந்து புறத்தே வழிவது. அகத்து நீரோ, வில்லையைச் சூழ்ந்து கருவிழியின் பின்னே மறைந்திருக்கும் வளையம் போன்ற ஓர் உறுப்பிலிருந்து ஊறுவது. அது கண்மணியின் துளைவழியே முன்னறைக்கு வருகின்றது. தெளிபடலமும் கருவிழியும் கூடும் மூலையில் அமைந்த சல்லடை போன்ற பகுதியூடே வடிகின்றது. ஷ்லெம் கால்வாய் எனப் பெயரிய நுண்குழாயிற் புகுந்து குருதியோடு கலக்கின்றது. நிமிடம் ஒன்றுக்கு ஊறும் நீர் 2 முதல் 3 மைக்ரோலிட்டர் அளவினது. ஒரு லிட்டரைப் பத்து இலட்சங் கூறாக்கினால் வரும் ஒரு கூறே மைக்ரோலிட்டர். அறை முழுவதிலும் நிற்கும் நீர் கால் மில்லிலிட்டரே ஆதலின், ஏறக்குறைய நூறு நிமிடத்திற்கு ஒருமுறை பழைய நீர் போய்ப் புதுநீர் நிறைகின்றது.

ஏரிக்கு வரத்துக்காலும் மதகும் போன்றவை இவ்வூற்றும் வடிகாலும். வரத்து ஒருபடித்தாக இருக்க, மதகு தூர்ந்து போமாயின் ஏரியின் நீர்மட்டம் உயர்தல் இயல்பு. அவ்வாறே சல்லடை அடைபடின் கண்ணின் அழுத்தம் உயர்கின்றது. பெரும்பாலார்க்கு இவ்வழுத்தம் புறக்காற்றின் அழுத்தத்தினும் 10 முதல் 21 பாதரச மில்லிமீட்டர் மிகுதியாக நிற்கும். 21 என்பது இயற்கை இட்ட எல்லைக்கோடன்று; பலரை அளந்து, அவருட் பெரும்பாலாரது அளவு இதற்குட்பட்டிருத்தல் கண்டு, மக்கள் வகுத்துக்கொண்ட வரம்பே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அளவை வேண்டுவது ஏன்?

கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு வெளிப்போதற்கு ஒரு வாயில் உளது. ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிழைகள் அவ்வாயிலின் துளைத்தட்டினூடே புகுந்து மூளையை நோக்கிச் செல்கின்றன. கண்ணினுள் அழுத்தம் மிகுமாயின் அத்தட்டு வளைந்து இழைகள் நெருக்குண்டு ஒவ்வொன்றாக மடிகின்றன. இதுவே கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய். இந்நோயின் பெருவழக்கான வகையில் வலியில்லை, சிவப்பில்லை, எழுத்துப் படிப்பதிலும் தொடக்கத்தில் இடர்ப்பாடில்லை. பார்வையின் ஓரங்களே முதலில் தேய்கின்றன. இரு கண்ணும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலின் நோயாளி அதனை உணர்வதில்லை. உணருங்காலத்து மடிந்த இழைகள் மீளா. கண்புரை வந்தார்க்கு அறுவையால் இழந்த பார்வை திரும்புதல் போல இந்நோயில் திரும்புவதில்லை.

ஆயினும் நல்வினையாக ஒன்று உண்டு. அழுத்தத்தைத் தணிப்பின் நோயின் நடை தடைப்படுகின்றது. சொட்டு மருந்தும், லேசர் ஒளியும், அறுவையும் இதற்கெனவே உள்ளன. ஆகவே அழுத்தம் இத்துணையென்று சரிவர அறிதல், ஒருவர் கண்ணைக் காத்தற்கும் இழத்தற்கும் இடைப்பட்ட செயலாகின்றது. அளவு குறைவாகத் தோன்றின் மருத்துவர் ஏமாந்து வாளா இருத்தல் கூடும். மிகையாகத் தோன்றின் நோயற்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் வேண்டா மருந்தை இட்டு வருதல் கூடும்.

விரல் முதற் கருவி வரை

பண்டு மருத்துவர் விரலையே கருவியாகக் கொண்டனர். மேலிமையின்மீது இருவிரல் வைத்து மாறி மாறி அமுக்கி, கண் மெத்தென்றிருக்கின்றதா கல்லென்றிருக்கின்றதா எனப் பார்த்தனர். மற்றொரு கண்ணோடும் தம் கண்ணோடும் ஒப்பிட்டுத் துணிந்தனர். உரையாசிரியர் கூறிய சார்த்தியளத்தல் இதுவேயாம். 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பௌமன் என்பார் இதனையே படிகளாக வகுத்துக் குறியீடு அமைத்தார். எனினும் விரலுக்கு விரல் உணர்வு வேறுபடுதலின் இம்முறை பெருந்திரிபையன்றிச் சிறுதிரிபைக் காட்டாது.

கண்ணின்மேற் கருவி வைத்தற்குத் தடையாயிருந்தது வலியே. 1884ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் கொல்லர் என்னும் இளைஞர், கொக்கெயின் கரைசலைச் சொட்டுவிடின் தெளிபடலம் உணர்விழக்கும் என்பதைக் கண்டறிந்தார். வழி திறந்தது. அடுத்த ஆண்டே மாஸ்கோவின் மக்லகோவ் என்பார், அடியில் மை தடவிய ஒரு சிறு எடைக்கட்டியைப் படுத்திருப்பவர் கண்ணின்மீது நிறுத்தி, எவ்வளவு பரப்புத் தட்டையாயிற்று என்பதை அம்மை அழிந்த வட்டத்தைக் கொண்டு அளந்தார். கண் மெத்தென்றிருப்பின் வட்டம் பெரிது, இறுகியிருப்பின் சிறிது.

1905ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஷியோட்ஸ் வேறொரு கருவி செய்தார். அதன் நடுவே ஒரு சிறு கோல் எடையோடு நழுவி இறங்கும். அக்கோல் தெளிபடலத்தைக் குழிக்கும் ஆழத்தை ஒரு முள் அளவுகோலிற் காட்டும். எளிமையும் உறுதியும் உடைமையால் இக்கருவி உலகெங்கும் பரவியது. ஆயினும் அதன்கண் ஒரு குறை மறைந்திருந்தது. கோல் குழித்த இடத்து நீர் எங்கே செல்லும்? கண்ணின் சுவரை விரித்தே அதற்கு இடங்காண வேண்டும். சுவர் நெகிழ்வுடைத்தாயின் எளிதில் விரியும். கோல் ஆழ இறங்கும். அழுத்தம் குறைவென்று முள் பொய் கூறும். சுவர் விறைப்புடைத்தாயின் இதற்கு மறுதலை. மிக்க கிட்டப்பார்வை உடையார்க்குக் கண் நீண்டு, வெள்விழி மெலிந்து நெகிழ்ந்திருக்கும். கண்ணழுத்த நோய் மிகுதியாகப் பற்றுவதும் அவரையே. அவர்க்கே இக்கருவி குறைத்துக் காட்டியது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஃபிரீடன்வால்ட் இச்சுவரின் விறைப்பினைக் கணக்கிட்டுத் திருத்தும் முறையை வகுத்தார். கண்ணின் அமைப்பு அளவைத் திரிக்கும் என்பது அன்றே தெளிவாயிற்று.

கோல்ட்மன் கண்ட சமநிலை

இக்குறையை நீக்க முயன்று வென்றவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் கோல்ட்மன். அவர்தம் கருவி 1950ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டிற் தோன்றி, இன்றளவும் பிற கருவிகட்கு உரைகல்லாய் விளங்குகின்றது. அதன் அடிப்படை இது: மிக மெல்லியதும், எளிதில் வளைவதும், ஈரமற்றதுமான சுவரையுடைய பந்து ஒன்றை ஒரு தட்டையான பரப்பால் அமுக்கினால், அமுக்கிய விசையைத் தட்டையான பரப்பால் வகுக்க, உள்ளழுத்தம் கிடைக்கும். இம்பர்ட், ஃபிக் என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனை உரைத்தனர்.

நம் தெளிபடலமோ இம்மூன்று இலக்கணமும் உடையதன்று. அதற்குப் பருமன் உண்டு. வளைதற்கு எதிர்ப்பு உண்டு. கண்ணீரால் எப்போதும் நனைந்தும் இருக்கின்றது. எனின் கணக்கு எங்ஙனம் பொருந்தும்? கோல்ட்மன் நுண்ணிதின் நோக்கி ஓர் உண்மை கண்டார். படலத்தின் விறைப்பு கருவியை வெளியே தள்ளுகின்றது. கண்ணீர்ப் படலமோ, ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்ளுமாறு, கருவியை உள்ளே இழுக்கின்றது. ஒன்று கூட்ட மற்றொன்று குறைக்கின்றது. தட்டையாகும் வட்டத்தின் குறுக்களவு மூன்று மில்லிமீட்டரை ஒட்டியிருப்பின் இவ்விரு பிழையும் ஒன்றையொன்று அழித்துச் சமநிலை எய்துகின்றன. அவர் 3.06 மில்லிமீட்டரைத் தேர்ந்தார். அவ்வளவில் வட்டத்தின் பரப்பு 7.35 சதுர மில்லிமீட்டர். ஒரு கிராம் விசை செலுத்தின் அது சரியாகப் பத்துப் பாதரச மில்லிமீட்டர் அழுத்தத்திற்கு ஈடாகும். கணக்கும் எளிதாயிற்று. மேலும் இவ்வளவு சிறு வட்டத்தைத் தட்டையாக்கும்பொழுது இடம்பெயரும் நீர் அரை மைக்ரோலிட்டரே. ஆகவே வெள்விழியின் நெகிழ்ச்சியும் விறைப்பும் இங்கே அளவைப் பெரிதும் திரிப்பதில்லை. ஷியோட்ஸ் கருவியின் குறை நீங்கிற்று.

அளக்கும் முறை இதுவாகும். உணர்விழக்கும் மருந்தும் ஃபுளோரசின் என்னும் மஞ்சட் சாயமும் கண்ணில் இடுவர். நீலவொளியில் அச்சாயம் பச்சையாய் ஒளிரும். கருவியின் முனையிலுள்ள பட்டகம் பச்சை வட்டத்தை மேலும் கீழுமாக இரண்டு அரைவட்டங்களாகப் பிரித்துக் காட்டும். விசையைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டின் உள்விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும் நிலையில் அளவை எழுதிக்கொள்வர். சாயம் மிகுந்தால் வட்டக்கோடு தடித்து அளவு மிகும். குறைந்தால் கோடு மெலிந்து அளவு குறையும்.

பருமன் செய்யும் திரிபு

கோல்ட்மன் கண்ட சமநிலைக்கு ஒரு கட்டளை உண்டு. படலம் வழக்கமான பருமனுடையதாக இருத்தல் வேண்டும். நடுப்பருமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் என்றே அவர் கொண்டார். பருமன் வேறுபடின் அளவும் வேறுபடக்கூடும் என்பதை அவர்தாமும் அறிந்திருந்தார். ஆனால் அத்தகைய வேறுபாடு அரிதென்று எண்ணினார். பருமனை நுட்பமாக அளக்கும் கருவிகள் பரவிய பின்னரே, நோயற்ற மக்களிடத்தும் அது பெரிதும் வேறுபடுவது புலனாயிற்று.

இத்திரிபை ஓர் உவமையால் தெளிவாக உணரலாம். தடித்த தோற்பந்து ஒன்றிலும் மெல்லிய பலூன் ஒன்றிலும் ஒரே அழுத்தத்திற் காற்றை அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். தோற்பந்தில் அழுத்தம் மிகுதி என்றே விரல் கூறும். விரல் உணர்ந்தது காற்றின் எதிர்ப்பை மட்டுமன்று. தோலின் எதிர்ப்பையும் சேர்த்தேயாம். தடித்த தெளிபடலம் உடையாரிடத்துக் கருவி மிகைப்படக் கூறுவதும், மெலிந்த படலம் உடையாரிடத்துக் குறைபடக் கூறுவதும் இவ்வாறே.

1975ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஏலர்ஸ் என்பாரும் உடனுழைத்தாரும் இதனை மெய்ப்பித்தனர். அறுவைக்கு வந்த 29 கண்களில் நுண்குழல் செருகி உண்மையழுத்தத்தை அறிந்து, அதனைக் கோல்ட்மன் கருவியின் கூற்றோடு ஒப்பிட்டனர். பருமன் 520 மைக்ரானாக இருந்தவிடத்துக் கருவி மெய் கூறிற்று. அதனின் மிக்கவிடத்து மிகையும், குறைந்தவிடத்துக் குறையும் கூறிற்று. பத்து மைக்ரானுக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் திரிபு என்பது அவர் கணக்கு. பின் வந்த ஆராய்ச்சியாளர் பலர் இதனினும் குறைவாகவே கண்டனர்.

இருவர் ஒரே நாளில் ஒரே மருத்துவரிடம் செல்வதாகக் கொள்வோம். இருவர்க்கும் கருவி 20 என்றே கூறுகின்றது. ஒருவர் படலம் 600 மைக்ரான், மற்றவரது 470. முன்னவர்க்கு உண்மையழுத்தம் 20இனும் குறைவாய் இருத்தல் கூடும், அச்சத்திற்கு இடமில்லை. பின்னவர்க்கோ அது 21 என்னும் வரம்பைக் கடந்திருத்தல் கூடும். எண் ஒன்றே, கண்களின் நிலை வேறு. பின்னவர், "அழுத்தம் சரியாகவே உளது" என்று கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புவராயின், நோய் அவரோடு உடன் சென்று வளரும்.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவில் அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாதிருந்த 1,636 பேரை வைத்து ஒரு பேராராய்ச்சி நடைபெற்றது. அதன் முடிவுகள் 2002ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆராயப்பெற்றோருள் ஏறக்குறைய நாலில் ஒருவர்க்குப் படலம் 600 மைக்ரானுக்கு மேற்பட்டிருந்தது; அவருட் பலருடைய மிகையழுத்தம் படலத்தின் தடிப்பால் தோன்றியதே எனக் கருத இடமாயிற்று. மேலும், படலம் 555 மைக்ரானும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்க்கு, 588க்கு மேற்பட்டவரை நோக்க, நோய் தோன்றும் வாய்ப்பு மும்மடங்காயிருந்தது. மெலிந்த படலம் அளவைக் குறைத்துக் காட்டுதலோடு அமைகின்றதா, அன்றி அத்தகைய கண்ணின் பின்சுவரும் மெலிவுற்று நரம்பு நொய்ம்மை எய்துகின்றதா என்பது அறிஞரிடையே ஆராயப்பட்டு வருகின்றது.

நம் நாட்டார்க்கு இதனாற் பயன் என்னை எனின், கூறுவாம். 2001ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னையிலும், அண்மையிலுள்ள சிற்றூர்களிலும் கண்ணழுத்த நோய் குறித்து ஒரு பெரிய ஆய்வு நிகழ்ந்தது. நம் மக்களின் சராசரிப் பருமன் 510 மைக்ரானை ஒட்டியது, அஃதாவது மேற்கூறிய 535இனும் குறைந்தது, என அதனால் அறியப்பட்டது. நோயுற்றவருட் பெரும்பாலார்க்குக் கருவி காட்டிய அழுத்தம் 21க்கு உட்பட்டே இருந்தது. அவருட் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டவர் தமக்கு அந்நோய் இருத்தலை முன்னர் அறியாதவர். பிற நாட்டாரை அளந்து வகுத்த வரம்பை நம்மவர்மேல் அப்படியே ஏற்றுதல் எத்துணைத் தவறாகும் என்பது இதனாற் பெறப்படும்.

பருமன் ஒன்றே காரணமன்று

தடித்த படலம் எல்லாம் விறைத்ததன்று. படலத்தின் உட்புறத்தே ஒரு வரிசை நுண்ணறைகள் நின்று நீரை இடைவிடாது இறைத்து அதனைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை கெடின் படலம் நீர் ஊறிப் பருத்து மங்குகின்றது. அங்ஙனம் பருத்த படலம் ஊறிய அட்டை போல் மெத்தென்றிருத்தலின், பருமன் மிகுந்தும் கருவி குறைத்தே கூறுகின்றது. தழும்பேறிய படலமோ விறைத்து மிகைப்படக் கூறும். கூம்புபோற் புடைத்து மெலியும் நோயுற்ற படலம் நெகிழ்ந்து குறைபடக் கூறும். பருமன் வேறு, விறைப்பு வேறு என்பது இவற்றால் விளங்கும்.

வளைவும் தன் பங்கைச் செய்கின்றது. புடைப்பு மிகுந்த படலத்தைத் தட்டையாக்கக் கூடுதல் விசை வேண்டும். ஆதலின் வளைவு மூன்று டயாப்டர் மிகுந்தால் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிகும் என்பர். நெடுக்கிலும் குறுக்கிலும் வளைவு வேறுபட்ட கண்ணில் வட்டம் நீள்வட்டமாகிப் பிழை புகும். அவ்வேறுபாடு மூன்று டயாப்டருக்கு மேற்படின், பட்டகத்தை உரிய கோணத்திற்குத் திருப்பி அளத்தல் வேண்டும்.

நம் போன்ற இளைஞர் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. மூக்குக்கண்ணாடியைத் தவிர்க்க விரும்பி லேசர் அறுவை செய்துகொள்வோர் இக்காலத்துப் பலர். அவ்வறுவை தெளிபடலத்தின் ஒரு பகுதியை நீக்கி வளைவைத் தட்டையாக்குவதாகும். பருமனும் குறைகின்றது, வளைவும் குறைகின்றது, நார்த்தகடுகளின் கட்டும் தளர்கின்றது. மூன்றும் ஒரே பக்கத்துப் பிழைகள். ஆகவே அவர்தம் கண்ணழுத்தம் அறுவைக்குப் பின் பல மில்லிமீட்டர் குறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் உள்ளே குறைந்ததொன்றுமில்லை. கிட்டப்பார்வை மிகுந்தோரே பெரும்பாலும் இவ்வறுவையை நாடுவர். கண்ணழுத்த நோய்க்கு எளிதில் இடமாவோரும் அவரே. இருபதாம் வயதிற் செய்த அறுவையை ஐம்பதாம் வயதில் வேறொரு மருத்துவரிடம் கூற மறந்தால், அம்மருத்துவர் நல்லெண்ணத்தோடேயே ஏமாற நேரும்.

கண்ணைச் சூழ்ந்த உறுப்புக்களும் அளவைத் திரிக்க வல்லன. இமையை இறுகப் பிடித்தாலும், மூச்சை அடக்கினாலும், கழுத்துப்பட்டை இறுகியிருந்தாலும் அழுத்தம் ஏறும். படுத்தால் மிகும், எழுந்தாற் குறையும். இதயத் துடிப்புக்கேற்ப இரண்டு மூன்று மில்லிமீட்டர் அலையும். காலை, மாலை, இரவு என்னும் பொழுதுக்கேற்பவும் மாறும். தைராய்டு நோயால் கண்ணைத் திருப்பும் தசைகள் இறுகியவர் மேல்நோக்கிப் பார்க்கும்பொழுது, அத்தசைகள் கண்ணை நெருக்கி அளவை உயர்த்தும்.

புதிய கருவிகள்

இப்பிழைகளை வெல்லக் கருதிப் பிற்காலத்துக் கருவிகள் பல தோன்றின. 1972ஆம் ஆண்டில் அமெரிக்கர் குரோல்மன், கண்ணைத் தொடாமல் காற்றை ஊதித் தட்டையாக்கும் கருவியை வெளியிட்டார். பின்லாந்து நாட்டுக் கொண்டியோலா, மிக மெல்லிய ஊசி போன்ற கோல் ஒன்று தெளிபடலத்திற் பட்டுத் தெறித்து மீளும் விரைவைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். உரையாசிரியர் யாழ் நரம்பு முதலியவற்றிற்குக் கூறிய தெறித்தளத்தல் இன்று கண்ணுக்கும் வந்து பொருந்தியதை நோக்கத் தமிழ் பயில்வார்க்கு வியப்பும் உவகையும் ஒருங்கே தோன்றும். இது மயக்க மருந்து வேண்டாதது, குழந்தைகட்கு ஏற்றது. எனினும் ஊதுவதும் தெறிப்பதும் படலத்தின்மீதே நிகழ்தலின், பருமனும் விறைப்பும் இவற்றையும் விடுவதில்லை.

வேறிரு கருவிகள் வேறு வழி பற்றின. ஒன்று தெளிபடலத்தைத் தட்டையாக்காது, அதன் வளைவுக்கேற்பக் குழிந்த முனையைப் பொருத்தி, நடுவில் பதித்த நுண்ணுணரியால் அழுத்தம் அறிவது. படலத்தைச் சிதைக்காமையால் பருமனின் செல்வாக்கு இதில் குறைவு. மற்றொன்று, காற்று ஊதப் படலம் உட்செல்லும்போது ஒருமுறையும், மீளும்போது ஒருமுறையும் தட்டையாவதை நோக்கி, அவ்விரு நிலையின் வேறுபாட்டால் படலத்தின் தாங்குந்திறனைத் தனியே கூறுவது. முன்பு பிழையாக நின்ற படலத்தின் குரல் இதில் செய்தியாகவே கொள்ளப்படுகின்றது.

திருத்தக் கணக்குப் போதுமோ?

பருமனை அளந்து, ஒரு வாய்ப்பாட்டால் அழுத்தத்தைத் திருத்திக்கொண்டால் ஐயம் தீராதோ என்று சிலர் வினவலாம். தீராது. ஒருவர் பத்து மைக்ரானுக்கு 0.7 என்றார், மற்றொருவர் 0.2 என்றார். வளைவு, விறைப்பு, நீர்ச்செறிவு, அகவை ஆகிய பலவும் ஒருங்கு கூடி அளவைத் திரிக்க, பருமன் ஒன்றை மட்டும் பற்றித் திருத்துவது, பல பிழைகள் மலிந்த ஏட்டில் ஓரெழுத்தை மட்டும் திருத்திப் பொருள் காண்பதை ஒக்கும். ஆகவே கண் மருத்துவர் பலர், திருத்திய எண் என ஒன்றை எழுதாது, படலம் மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என வகுத்து வைத்துக்கொண்டு, அந்நோக்கோடு கருவியின் எண்ணைப் பொருள் கொள்கின்றனர். உடன் பார்வை நரம்பின் வாயிலை நேரே பார்க்கின்றனர்; பார்வைப் புலத்தின் ஓரங்களைச் சோதிக்கின்றனர். மூன்றும் ஒத்துரைப்பதே சான்று. அழுத்த எண் தனித்து நின்று சான்றாகாது.

இதுகாறும் கூறியவாற்றான், கருவி காட்டும் எண் கண்ணின் அழுத்தமே அன்று, அழுத்தமும் படலமும் கூடிக் கூறிய விடை என்பது போதரும். ஏடெழுதினோர் பிழையை உடன்வைத்து எண்ணியே மூலபாடத்தைத் துணிதல் நம் தமிழ் வகுப்பில் யாம் பயின்ற நெறி. மருத்துவர்க்கும் நெறி அதுவே. நண்பர்கள் இதனாற் கொள்ளத்தக்கன சில உள. தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின் தம் கண்ணையும் காலந்தவறாது காட்டுதல் வேண்டும். நாற்பது அகவை கடந்த பெற்றோரை அழைத்துச் செல்லுதல் நம் கடன். லேசர் அறுவை செய்துகொண்டோர், அறுவைக்கு முன்னிருந்த பருமனும் அழுத்தமும் குறித்த தாளைப் பாதுகாத்து, பிற்காலத்து மருத்துவர்க்கு மறவாது காட்டுதல் வேண்டும். சோதனை முகாமில் அழுத்தம் மட்டும் பார்த்து, "சரி" என்று கூறின், நரம்பையும் பார்த்தீரோ, தெளிபடலத்தின் பருமன் யாது என்று பணிவோடு வினவுதல் வேண்டும். அவ்வொரு வினா ஒருவர் கண்ணொளியைக் காத்தல் கூடும்.